அம்மனுக்கு வைத்திருந்த புனுகு

என் மனைவிக்கு மூக்கு மிகக் கூர்மை. நான் வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே, அன்றைக்கு எலி செத்துக் கிடந்த வீட்டுக்குப் போனேனா, கரப்பானுக்கு மருந்தடித்துவிட்டு வந்தேனா என்று சமையலறையில் நின்றபடியே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்ட ஒருத்தியிடம் ஒரு வாசனையை ஒளித்துவிடலாம் என்று நான் ஒருமுறை நினைத்தேன். அதை மடத்தனம் என்று சொல்லித் தப்பிக்கத்தான் ஆசை. ஆனால் நான் செய்தது களவு.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. லண்டனில், வால்தம்ஸ்டோவில் ஒரு மாடிவீட்டில் நாங்கள் இருவரும் இருந்தோம். எலி, கரப்பான், குளவி முதலியவற்றை ஒழிக்கும் வேலை எனக்கு. முதலாளியும் நானும்தான் மொத்தக் கம்பனி. உறவுக்காரரிடம் மட்டும் நகரக் கவுன்சிலில் சுற்றாடல் பகுதியில் வேலை என்று சொல்லி வைத்திருந்தேன். பென்சன் வருமா என்று கேட்பார்கள். வரும் என்பேன். அந்த நேரங்களில் மனைவி தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவாள். என்னை ஒருநாளும் காட்டிக்கொடுத்ததில்லை.

வீட்டுக்குள் அவளுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. படிக்கட்டின் அடியிலேயே வேலை உடுப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டு முடிந்துவிட வேண்டும். முழுகிய பிறகுதான் மற்ற எதையும் தொடலாம். அவள் விரதம் இருக்கும் நாட்களில் சாமி அலுமாரிப் பக்கமே போகக்கூடாது, துடக்கு. நாள் முழுக்க உயிர்களைக் கொன்றுவிட்டு வருகிறவனுக்கு அது அநியாயமான சட்டம் என்று நான் நினைத்ததில்லை.

முதலாளி வெள்ளைக்காரர். என்னைவிடப் பத்து வயது இளையவர். குளிர்காலம் வந்தால் எங்களுக்கு எலியோடு நரியும் சேர்ந்துகொள்ளும். மார்கழியும் தையும் நரிகள் கூடும் காலம். பெண் நரி கத்துவதைக் கேட்டவர்கள், யாரையோ கழுத்தை நெரிக்கிறார்கள் என்று நினைத்து எங்களுக்கு போன் பண்ணுவார்கள். பெரும்பாலான வீடுகளில், தோட்டக் கொட்டிலுக்குக் கீழே அது நுழையும் ஓட்டையை அடைத்தாலே போதும். எதற்கும் அடங்காத நரி என்றால்தான் கூண்டு.

இந்த நகரத்து நரிக்கு மனித வாடை பயமில்லை, புதுப் பொருள்தான் பயம். நேற்று இல்லாத ஒரு கூண்டு இன்று புல்வெளியில் நின்றால் அது பத்து நாளைக்கும் சுற்றிச் சுற்றிப் பார்க்கும், உள்ளே காலை வைக்காது. கோழிக்கால் கட்டித் தொங்கவிட்டாலும் பயனில்லை. அது ஒவ்வொரு குப்பைத்தொட்டியிலும் இருக்கிறது. ஆகவே பசியை விட்டுவிட்டு மூக்கைப் பிடிக்க வேண்டும் என்பார் முதலாளி. அதற்காகவே அமெரிக்காவிலிருந்து சின்னச் சின்னப் போத்தல்கள் எடுப்பித்து வைத்திருந்தார். அங்கே பனிக்காட்டில், தோலின் மயிர் அடர்ந்திருக்கும் குளிர்காலத்தில், மிருகங்களைப் பொறிவைத்துப் பிடிக்கிறவர்களுக்காகச் செய்த சரக்கு. நரியின் வாலடிச் சுரப்பிகளை அரைத்து, மாதக்கணக்கில் மூடி வைத்துப் புளிக்கவிடுவார்களாம். பீவர் என்ற நீர்விலங்கின் கஸ்தூரிப் பையைக் காயவைத்துத் தூளாக்கிச் சேர்ப்பார்களாம். கடும் குளிரில் வாசனை எழும்பாது, தண்ணீராக இருந்தால் உறைந்தும் போகும். அதனால் எல்லாவற்றையும் கொழுப்பில் குழைத்து வைப்பார்கள்.

இதையெல்லாம் அவர் ருசித்து ருசித்துச் சொல்லுவார். முதல் வாரம் நான், வேலைக்குப் போகும் வானின் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் கேட்டேன். இரண்டு மாதத்தில் மூடியைத் திறந்ததும் எது எந்த மிருகத்தினுடையது என்று சொல்லப் பழகிவிட்டேன். அதில் எனக்குப் பெருமை இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

வானில் அவருடைய தடித்த புத்தகம் ஒன்று கிடக்கும். ஒரு மதியம் சாப்பிட்டுக்கொண்டே அதைப் புரட்டினேன். ஒரு பக்கத்தில் புள்ளி விழுந்த உடலும் நீண்ட வாலுமாக ஒரு மிருகத்தின் படம். இதன் வாலடியில் வழித்தெடுக்கும் பசைதான் மற்ற வாசனைகளை ஓடிப்போகாமல் பிடித்து நிறுத்தும், இப்போது நல்லது கிடைப்பதில்லை என்றார் முதலாளி. எனக்குப் படத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எங்கள் புனுகுப் பூனை. அந்த மனிதருக்கு நான் சொல்லிக்கொடுக்க என்னிடமும் ஒன்று இருக்கிறது என்று துள்ளிக்கொண்டு, இதை நாங்கள் கோயிலில் சாமிக்குச் சாத்துவோம் என்றேன்.

அவர் சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பூனையின் பின்பக்கத்து மெழுகையா உங்கள் கடவுளின் முகத்தில் பூசுகிறீர்கள் என்று கேட்டார். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. நான் ஏதாவது பதில் சொல்லியிருக்கலாம். அல்லது பேசாமல் இருந்திருக்கலாம். நானோ சிரித்தேன். அவரைவிட அதிகமாக, கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தேன்.

அந்தத் தையில் ஹாம்ஸ்டெட் பக்கம் ஒரு பெரிய வீட்டில் கூண்டு வைத்தோம். குளமும் வாத்துகளுமாக இருந்த தோட்டம் அது. நான்கு வாத்தில் இரண்டை நரி கொண்டுபோய்விட்டது. கூண்டு பத்து நாள் நின்றது. நரி ஒவ்வொரு நாளும் வந்தது என்பதற்கு உறைபனியில் கால்தடம் இருந்தது. ஒருநாள் கூண்டின் கூரையிலேயே கழிந்துவிட்டுப் போயிருந்தது. முன்பு யாரோ இதைப் பிடித்து வேறெங்கோ கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள், அதுதான் இவ்வளவு விவரம் என்றார் முதலாளி. கடைசியாக மிஞ்சியிருந்த ஒரு நல்ல போத்தலை என்னிடம் தந்து, செவ்வாய்க்கிழமை பின்னேரம் நீயே போய் வைத்துவிட்டு வா என்று அனுப்பினார்.

நான் அதை வானிலிருந்து இறக்கும்போது தவறவிட்டேன். நடைபாதைக் கல்லில் விழுந்து நொறுங்கியது. தண்ணீர் ஊற்றினேன், நாற்றம் இரண்டு மடங்கானது. நாயோடு வந்த ஒரு மனுசி, நாய் இழுத்த இழுப்பில் விழப் பார்த்தாள். கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுவிட்டு முதலாளிக்கு போன் எடுத்து, வைத்தாயிற்று என்றேன்.

ஏன் அந்தப் பொய்? புது வருடம் பிறந்ததிலிருந்து, இரண்டு பேருக்கு வேலை போதாது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த வீட்டுக்காரியும் அவள் அறிமுகப்படுத்திய வீடுகளும் கைவிட்டுப் போனால், மிச்ச வேலையைத் தன்னால் தனியாகவே சமாளித்துவிட முடியும் என்றும் சொல்லியிருந்தார். அதற்கு முன் எனக்கு இரண்டு வேலைகள் கைவிட்டுப் போயிருந்தன. இந்த வேலையில்தான், காலையில் சொன்னால் மத்தியானம் இரண்டு மணித்தியாலம் விடுவார்கள். அந்த இரண்டு மணித்தியாலம் எங்களுக்குத் தேவைப்பட்டது. மனைவிக்கு இரண்டு முறை பிள்ளை வயிற்றில் தங்காமல் போயிருந்தது. மூன்றாம் முறையாக இப்போது இரண்டரை மாதம். ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகப் பயந்தாள். டாக்டர் சொல்லும் இங்கிலிஷில் ஏதாவது கெட்ட செய்தி இருந்து, அது தனக்கு விளங்காமல் போய்விடுமோ என்ற பயம். காரணங்கள் இவை. காரணம் இருந்தது என்பதால் வெட்கம் குறைந்துவிடவில்லை.

அவளும் ஒரு நேர்த்தி வைத்திருந்தாள். பிள்ளை தங்க வேண்டும், தை கடைசி வெள்ளி ஈலிங் பக்கத்து அம்மனுக்குத் தன் கையால் புனுகு கொடுக்கிறேன் என்று. கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் மெழுகும் சென்ட்டும். அவள் வேலை செய்த முதியோர் இல்லத்தில் மலேசியத் தமிழ் அக்கா ஒருவர் தாதியாக இருந்தார். அவர் தமிழ்நாட்டுக்குப் போனபோது இவள் சொல்லிவிட, எங்கெங்கோ விசாரித்து அசல் புனுகு கொண்டுவந்து கொடுத்தார். ஒரு காசளவு வாயுள்ள சிறு சிமிழ். என் மனைவி ஒரே ஒரு தரம் திறந்து முகர்ந்து பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. பிறகு மூடி அம்மன் படத்தடியில் வைத்தாள். அந்த மாதம் வெள்ளிக்கிழமைகளில் ஒரு நேரம்தான் சாப்பிட்டாள். டாக்டர் வேண்டாம் என்றும் கேட்கவில்லை.

புதன்கிழமை காலை அவளுக்கு நேரத்தோடு ஷிப்ட். அவள் போனதும் நான் முழுகினேன். களவெடுப்பதற்கு முன் முழுகிச் சுத்தமான ஒரே கள்ளன் லண்டனில் நானாகத்தான் இருப்பேன். சாமி அலுமாரியைத் திறந்து சிமிழை எடுத்தேன். கரண்டிக் காம்பால் பாதிக்கு மேல் வழித்து வெள்ளீயத் தாளில் வைத்து மடித்தேன். குறைந்த இடத்தில் வாஸ்லின் வைத்து, நிறம் வர ஒரு சிட்டிகை சந்தனத்தூள் போட்டுக் கலந்தேன். தேநீர் கலக்குகிறவனைப் போல நிதானமாகச் செய்தேன். அதைத்தான் பிறகு பலநாள் யோசித்தேன்.

ஒரு பிழை விட்டேன். மோதிர விரலில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. துணியில் துடைத்திருக்க வேண்டும். சாமியிடத்தில் எடுத்த பொருள் விரலில் இருந்தால் எங்கள் கை எங்கே போகும்? என்னுடைய கை தானாக எழும்பி நெற்றியில் வைத்தது. மிச்சத்தைத் தொண்டைக்குழியில் தடவியது. அதன்மேல் கம்பளிச் சால்வையைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனேன். அது முந்திய குளிருக்கு அவள் பின்னித் தந்த சால்வை.

பின்னேரம் ஐந்து மணிக்கு இருட்டத் தொடங்கும்போது தோட்டத்தில் நின்றேன். ஒரு குச்சியில் பழைய துணியைச் சுற்றி, வானில் வேறொரு போத்தலில் மிஞ்சியிருந்த நரி மூத்திரத்தில் நனைத்து, அதன்மேல் புனுகைப் பூசிக் கூண்டின் உட்கோடியில் கட்டினேன். அம்மனுக்கு வைத்திருந்ததை மூத்திரத் துணியில் பூசுகிறேன் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் போனால் கூண்டின் கதவு விழுந்திருந்தது. ஆண் நரி. குளிர்காலத்து மயிர் அடர்ந்து, நான் நினைத்ததைவிட அழகாக இருந்தது. துள்ளவும் இல்லை, கத்தவும் இல்லை. உட்கார்ந்து என்னைப் பார்த்தது. ஒரு பக்கத்துக் கன்னத்திலும் கழுத்திலும் மயிர் ஒட்டிப் பிசுபிசுத்துக் கிடந்தது. அந்தத் துணியில் கன்னத்தையும் கழுத்தையும் தேய்த்துத் தேய்த்துப் பூசியிருக்கிறது. போர்வையால் மூடுவதற்காகக் குனிந்தேன். நரி நாற்றத்துக்கு மேலே, அபிஷேகம் முடிந்து திரை விலகும்போது வரும் வாசனை முகத்தில் அடித்தது. அதன் கழுத்திலும் புனுகு, என் கழுத்திலும் புனுகு. போர்வையைப் போட்டு மூடிவிட்டு முதலாளிக்கு போன் எடுத்தேன்.

முதலாளி வந்து, கூண்டுக்குள் வைத்தே நரியைச் சுட்டார். பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. போர்வையின் ஒரு முனையை நான்தான் பிடித்திருந்தேன். பிறகு அவர் குச்சியை எடுத்து முகர்ந்து, இது என்னுடைய போத்தல் இல்லையே என்றார். உண்மையைச் சொன்னேன், போத்தல் உடைந்ததையும் புனுகையும். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். என் முதுகில் தட்டி, உன்னைப் போல ஒருவனை நான் வேலையிலிருந்து நிறுத்துவேனா என்றார். பூனைக் கடவுளுக்கு என் நன்றியையும் சொல்லிவிடு என்று சிரித்தார். நானும் இரண்டாம் தரம் சிரித்தேன். மனைவிக்குச் சொல்ல வேண்டிய உண்மையை அவருக்குச் சொல்லியிருந்தேன்.

மறுநாள் தை கடைசி வெள்ளி. நாங்கள் ரயில் ஏறினோம். அவள் சிமிழைக் கைலேஞ்சியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். வழி முழுக்க ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள், விரதக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

கோயிலில் நல்ல சனம். வெளியே கைவிரல் விறைக்கும் குளிர், உள்ளே கற்பூரமும் மனித மூச்சுமாக ஒரே புழுக்கம். அந்தச் சூட்டில் என் கழுத்திலிருந்து ஏதோ எழும்புவதை நானே உணர்ந்தேன். கம்பளி மூன்று நாளாகக் குடித்து வைத்திருந்த புனுகு. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா திரும்பி என்னைப் பார்த்து, "நல்ல புனுகு வாசம் வருது. எங்க வாங்கினனீங்கள்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். என்ன பதில் அது? சால்வையைக் கழற்றிச் சுருட்டி அக்குளுக்குள் வைத்துக்கொண்டேன்.

சனம் பாலும் தயிரும் பழமுமாக ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. என் மனைவியின் முறை வந்தது. ஐயர் கையை நீட்டினார். அவள் சிமிழை நீட்டினாள், ஆனால் விடவில்லை.

"ஐயா, இது பழுதாப் போச்சு. என்ர கவனக்குறைவாலதான். அம்மனுக்குச் சாத்த வேண்டாம்."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் சுற்றி நின்றவர்களுக்குக் கேட்டது. நேர்த்திப் பொருளைப் பழுதாக்கிவிட்டாளே என்று ஒருவர் உச்சுக்கொட்டினார். ஐயர் நல்ல மனிதர். அதனால் என்ன பிள்ளை, கோயில் புனுகைச் சாத்துகிறேன், பெயரையும் நட்சத்திரத்தையும் சொல் என்றார். அவள் தன் பெயரைச் சொன்னாள், பிறகு என் பெயரையும் சொன்னாள். நான் அவளுக்கு இரண்டடி பின்னால் நின்றேன். நான்தான் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். நான் கூரையில் தொங்கிய மின்குமிழ்களை எண்ணிக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் நினைத்து நினைத்து வெட்கப்படும் இடம் அதுதான். களவுகூட இல்லை, நரிகூட இல்லை. அந்த இரண்டடி.

திரும்பி வரும்போது ரயில் மேடையில் காற்று வீசியது. அவள் என் அக்குளிலிருந்து சால்வையை இழுத்தெடுத்தாள். உதறினாள். என் கழுத்தில் சுற்றிவிட்டாள்.

"புதன்கிழமை நீங்கள் வந்து கதவைத் திறக்கேக்கையே எனக்குத் தெரியும்," என்றாள். "கேட்டிருந்தாத் தந்திருப்பன்."

"வேலை போயிடும் எண்டு பயந்திட்டன்," என்றேன்.

"ஓம். அதைச் சொல்லியிருந்தாப் போதும்."

அவ்வளவுதான். ரயில் வந்தது, ஏறினோம். இருக்கை ஒன்றுதான் காலியாக இருந்தது. அவள் உட்கார்ந்தாள், நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாசி கடைசியில் அந்தப் பிள்ளையும் தங்கவில்லை. டாக்டர்கள் ஒரு காரணம் சொன்னார்கள், அதற்கொரு நீண்ட பெயரும் சொன்னார்கள். நான் பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்தேன். அந்த இரண்டு மணித்தியாலத்தை முதலாளி மறுப்புச் சொல்லாமல் தந்தார். அதற்குப் பிறகு நாங்கள் முயற்சி செய்யவில்லை.

மூன்று வருடம் அந்த வேலையில் இருந்தேன். முதலாளி கடற்கரைப் பக்கம் குடிபோனபோது விட்டுவிட்டேன். இப்போது பஸ் ஓட்டுகிறேன், உறவுக்காரரிடம் உண்மையையே சொல்லலாம். வீட்டில் நாங்கள் எல்லாவற்றுக்கும் சண்டை பிடிக்கிறவர்கள்தான். ஹீட்டரை யார் கூட்டி வைத்தது என்பதிலிருந்து என் தம்பியின் கலியாணம் வரைக்கும். ஒவ்வொரு சண்டையிலும், சூடு ஏறும்போது, இதோ இப்போது அந்தப் புனுகு வரப்போகிறது என்று நான் காத்திருப்பேன். அது வந்தால் ஏதாவது பதில் சொல்லலாம், அழலாம், காலில்கூட விழலாம். அவள் ஒருநாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

நேர்த்தியை மட்டும் அவள் விடவில்லை. கேட்டது கிடைக்காத பிறகும் ஒவ்வொரு தையிலும் யாரையாவது பிடித்து ஒரு சிமிழ் எடுப்பிப்பாள். கடைசி வெள்ளி புறப்படும்போது அலுமாரியிலிருந்து எடுத்து, கதவடியில் நிற்கும் என் உள்ளங்கையில் வைப்பாள். "பிடியுங்கோ," என்பாள். மூடியில் நூல் சுற்றியிருக்காது, ஒட்டியும் இருக்காது. வால்தம்ஸ்டோவிலிருந்து ஈலிங் வரைக்கும் இரண்டு ரயில். கைச்சூட்டில் அது இளகி, மூடியின் ஓரத்தால் வாசனை கசியும். இது தண்டனையா, நம்பிக்கையா என்று நான் கேட்டதில்லை. விரலை விரிக்காமல் கோயில் வரைக்கும் கொண்டுபோய், ஐயரிடம் என் கையால் கொடுக்கிறேன்.